பாறைக் கோர் காப்பகத்தின் கூரையைச் சரிசெய்து, நனைந்துகொண்டிருக்கும் கோர்களைக் காப்பாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
கோர் காப்பகத்தைப் பயன்படுத்தும் நிலவியல் ஆய்வு மாணவர்கள், களப்பணியாளர்கள், ஓய்வுபெற்ற நிலவியலாளர்கள் மற்றும் துளைப்புப் பணியாளர்கள்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கனிமவள ஆய்வுப் பிரிவு

பொருள்: கோர் (நிலத்தில் துளைபோட்டு எடுத்த உருளைப் பாறை மாதிரி) வைக்கும் ஷெட்டின் ஒழுகும் கூரையை உடனே சரிசெய்வது, பழைய கோர்களைக் கழிவென்று அகற்றும் யோசனையைக் கைவிடுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் தங்கள் அலுவலகத்தில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள் (பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஷெட் எங்கே இருக்கிறது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாகன நிறுத்தத்துக்குப் பின்னால், பழைய ஜெனரேட்டர் அறையை ஒட்டி நிற்கும் நீளத் தகரக் கொட்டகை. தங்கள் அறையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் அதன் கூரைதான் முதலில் கண்ணில் படும். பொறுப்பேற்ற புதிதில் தாங்களே உள்ளே வந்து, பெட்டிகளைத் திறக்கச் சொல்லிப் பார்த்தீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதத் தொடங்கினோம். கேட்கும்போதெல்லாம் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்று சொல்லப்படுகிறது. எனவே மீண்டும் ஒருமுறை பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. கூரையின் கிழக்குப் பாதியில் தகரங்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்துள்ளன. மழை பெய்தால் அடுக்குகளின் மேல் நேராக ஊற்றுகிறது. நாங்களே தார்பாய் வாங்கிக் கட்டினோம். காற்றில் கிழிந்துவிட்டது.

2. "கல்லுதானே, நனைந்தால் என்ன?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். தாங்கள் நிலவியல் படித்தவர், தங்களுக்குத் தெரியும். ஆனால் கோப்பில் கையெழுத்துப் போடுகிற மற்றவர்களுக்காக எழுதுகிறோம்.

பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உள்ள கோரில் ஈரமும் காற்றும் பட்டால் அது சல்பேட்டாக மாறிப் பொருமுகிறது. கூடவே கந்தக அமிலம் கசிகிறது. அந்த அமிலம் பெட்டியை அரிக்கிறது, சீட்டை அரிக்கிறது, பக்கத்துப் பெட்டிக்கும் பரவுகிறது. களிக்கல் கோர் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, வட்டு வட்டாகப் பிளந்து கடைசியில் சேறாகிறது. உப்புப் படிவக் கோர் என்றால் கரைந்தே போய்விடும், பெட்டி மட்டும் மிஞ்சும். கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் அது இருக்கும் மரப்பெட்டிக்கு ஆகும். கீழ் அடுக்குப் பெட்டிகளின் அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட்டது. தூக்கினால் பலகை கையோடு வருகிறது, கல் தரையில் கொட்டுகிறது.

கொட்டினால் என்ன நட்டம்? ஒவ்வொரு ரன் (ஒரே தடவையில் துளைத்து எடுக்கும் நீளம்) முடிவிலும் ஆழத்தை எழுதி டிரில்லர் வைத்த மரக்கட்டைதான் அந்தக் கல்லுக்கு முகவரி. அந்தக் கட்டையில் மை அழிந்துவிட்டது. பெட்டி மேல் எழுதிய துளை எண்ணும் அழிந்துவிட்டது. பக்க எண் இல்லாத புத்தகத்தைக்கூட படித்துப் படித்து வரிசைப்படுத்தலாம். எந்தத் துளை, எத்தனையாவது மீட்டர் என்று தெரியாத கோர் வெறும் ஜல்லி. அதை எந்த நிபுணராலும் திரும்பக் கோராக மாற்ற முடியாது ஐயா. எங்கள் மொத்த வேதனையும் இதுதான். மற்றதெல்லாம் தாமதமானால் பொறுக்கலாம். இது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது.

3. "சோதனைதான் முடிந்துவிட்டதே, அறிக்கையும் வந்துவிட்டதே, இனி எதற்கு?" என்பது அடுத்த கேள்வி.

கோரை நீளவாக்கில் அறுத்துப் பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைப்பது எதற்காக? அறிக்கையைச் சந்தேகப்பட வழி இருக்க வேண்டும் என்பதற்காக. இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் தேடிய பிரீ-எக்ஸ் நிறுவனம் முழுக் கோரையும் பொடியாக்கியது. மறுபாதி என்று ஒன்று இல்லை. மாதிரிப் பொடியில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. 1997-இல் வேறொரு நிறுவனம் அதே துளைகளுக்குப் பக்கத்தில் புதிதாகத் துளைபோட்டுப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. அதற்குள் முதலீட்டாளர்களின் பணம் போய்விட்டது.

இன்னொன்று. ஷெட்டில் உள்ள பழைய கோர்கள் செம்பு இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க எடுக்கப்பட்டவை. லித்தியத்தையோ, அருமண் தனிமங்களையோ, இண்டியத்தையோ அன்று யாரும் தேடவில்லை. தேட எளிய கருவியும் கிடையாது. தனிமங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவி விற்பனைக்கு வந்ததே 1983-இல். இன்று அதே கல்லில் ஒரு துண்டு எடுத்தால், நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட எது இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அறிக்கை அன்று கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கல் இனி கேட்கப்போகும் கேள்விக்கும் பதில் சொல்லும். பின்லாந்தில் லோப்பியிலும், பிரிட்டனில் கீவொர்த்திலும் தேசியக் கோர் காப்பகம் வைத்துப் பராமரிக்கிறார்களே, அவர்களுக்கு வேறு வேலை இல்லாமலா?

4. நிலைத்த வளர்ச்சி என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். பேனரும் அடிக்கிறோம். ஒரு மின்சாரக் காருக்கு, பெட்ரோல் காரைப்போல் ஆறு மடங்கு கனிமம் வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021-இல் கணக்குச் சொன்னது. பழைய உலோகத்தை உருக்கி மறுபடி பயன்படுத்த வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை; ஆனால் இன்று சாலையில் ஓடுகிற பேட்டரி பல ஆண்டுகள் கழித்துத்தான் உருக்க வரும். அதுவரை மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும். அரை சதவீதத் தாது என்றால், ஒரு டன் பாறையை உடைத்தால் 5 கிலோ செம்பு. மீதி எல்லாம் கழிவு. அப்படியிருக்க, எங்கே தோண்டக் கூடாது என்று சொல்வதுதான் நிலவியலாளரின் பெரிய வேலை. அதைச் சொல்ல அவருக்குக் கோர் வேண்டும்.

புதிதாக ஒரு துளை போடுவதென்றால் ரிக் (துளைபோடும் எந்திரம்) போக வழி வெட்ட வேண்டும், டீசல் எரிக்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், யாரோ ஒருவர் நிலத்தில் இறங்க வேண்டும். ஏற்கெனவே போட்ட துளையின் கல் நம் கையில் இருக்கும்போது, அதை நனையவிட்டுவிட்டு அதே இடத்தில் மறுபடி துளைபோட டெண்டர் விடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

சுரங்கத்துக்கு மட்டுமல்ல. ஐஸ்லாந்தில் 2012 முதல் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து பசால்ட் பாறைக்குள் செலுத்துகிறார்கள். செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுக்குள் கல்லாக உறைந்துவிட்டது. எந்தப் பாறை இதற்கு உதவும், எது வாயுவைக் கசியவிடும், நிலத்தடி நீர் எந்த விரிசல் வழியாக ஓடும் – எதைக் கேட்டாலும் கடைசியில் கோர் பெட்டியைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

5. இப்போது காதில் விழுவது: இடம் அடைக்கிறதென்று பழைய பெட்டிகளை ஸ்கிராப்பில் சேர்த்து ஏலம் விடப் போகிறார்களாம், கல்லைச் சாலைப் பள்ளத்தில் கொட்டப் போகிறார்களாம். இது உண்மையா, வதந்தியா என்றாவது ஒரு வரி எழுதி அனுப்பக் கூடாதா ஐயா? கண்காட்சி அரங்குக்குக் கண்ணாடி மாற்ற முடிகிறது. நுழைவாயிலுக்கு கிரானைட் பதிக்க முடிகிறது. பத்திருபது தகரத்துக்குத்தான் கோப்பு நகரவில்லை.

6. கேட்பது அதிகமில்லை. முதலில் கூரை. அடுத்து, துளை எண் இன்னும் படிக்கும்படி இருக்கும் பெட்டிகளையாவது உடனே புகைப்படம் எடுத்து, லாக் ஷீட்டோடு (துளையில் கண்ட பாறையை ஆழவாரியாக எழுதிய தாள்) ஒப்பிட்டு, துருப்பிடிக்காத தட்டுகளுக்கு மாற்ற அனுமதி; சம்பளம் வேண்டாம், விடுமுறை நாளில் நாங்களே வந்து செய்கிறோம். ஓய்வுபெற்ற டிரில்லர்கள் சிலர் தாங்கள் எடுத்த கோரைப் பார்த்தே அடையாளம் சொல்கிறார்கள், அவர்களும் வரத் தயார். அவர்களுக்கும் வயதாகிறது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம். ஷெட் சாவிக்குப் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். எங்கள் ஒப்புதல் வேண்டாம், நிபுணர் ஒருவரின் ஒப்புதலாவது இல்லாமல் ஒரு பெட்டியையும் வெளியே அனுப்பாதீர்கள்.

7. கூரை, ஐயா. மேலே உள்ள எதற்கும் நிதி இல்லையென்றால்கூட கூரையை மட்டும் போட்டுக்கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்.

வார்த்தைகள் கடுமையாகப் பட்டால் பொறுத்தருள வேண்டுகிறோம். தாங்கள் ஒருமுறை நேரில் வந்து, கிழக்கு மூலையில் கீழ் அடுக்கில் உள்ள ஒரே ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்குமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோர் காப்பகப் பயனாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: ஷெட்டின் புகைப்படங்கள், முந்தைய மனுக்களின் நகல்கள், அலுவலக முத்திரையுடன்.