ஒடியட்டும் விடு, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்குப் பேசினதோட சரி. நீயும் கூப்பிடலை, நானும் கூப்பிடலை, கணக்கு நேர். வீட்ல எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு. பெரிய மாடு கெடாரிக் கன்னு போட்டிருக்கு. சேதி அவ்வளவுதான், இனி என் புலம்பலைக் கேளு. போன்ல சொன்னா பாதியில 'மீட்டிங்'னு வெச்சுடுவே, அதான் எழுதறேன்.

சித்திரை மழை பெஞ்சதும் மேகாட்டுல கோடை உழவு ஓட்டிரலாம்னு டிராக்டர்ல இறகுக் கலப்பையை மாட்டினோம். அந்தக் காடு உனக்கே தெரியும்: மேல செம்மண், கீழ சுக்கான் கல்லு. போதாததுக்கு வேலியோரம் சீமைக்கருவேலத் தூரு பாதி இன்னும் உள்ளேயே கெடக்கு. கொழு எதுலயாச்சும் மாட்டும், 'டக்'குனு ஒரு சத்தம், கலப்பைக் கால் பின்னால சாஞ்சு நிக்கும். ஷியர் போல்ட் கட். அதான், கலப்பைக்கு அடிபடாம இருக்க, தான் முதல்ல ஒடியறதுக்குன்னே காலுல மாட்டின போல்ட். டிரைவர் தம்பி இறங்கி, ஒடிஞ்ச துண்டைக் கம்பி வெச்சுத் தட்டியெடுத்து, காலை நிமிர்த்தி வேற போல்ட் போடுவான். நாலு சால் போகும். மறுபடியும் 'டக்'.

அன்னிக்குன்னு பார்த்து நம்ம இன்ஜினியர் சித்தப்பா வந்து சேர்ந்தார். (சிரிக்காதே. இன்னும் அவரை அப்படித்தான் கூப்பிடறோம்.) "ஏன் தம்பி, இந்த நோஞ்சான் போல்ட்டோட மல்லுக்கட்டறே? 10.9 நம்பர் கெட்டி போல்ட் போடு, ஜென்மத்துக்கும் ஒடியாது"ன்னார். சரிங்க, போல்ட் ஒடியலைன்னா வேற எது ஒடியும்னு கேட்டேன். டீ ஆறுதுன்னு போயிட்டார்.

கலப்பையோட வந்த புத்தகத்துல 8.8னு போட்டிருக்கு. போல்ட் தலையில இருக்கிற அந்த நம்பரை நம்மூர்ல எவன் பார்க்கறான்? 8.8னா சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ இழுவை தாங்கும், 10.9 போல்ட் 100 கிலோ. குறுக்கே வெட்டுப்படறப்ப அதுல பத்துக்கு ஆறு பங்குதான் தாங்கும். அப்படிப் பார்த்தாலும் 12 எம்.எம். 8.8 போல்ட் ஒரு வெட்டுக்கு 5 டன் வரைக்கும் நிக்குது. இதையா நோஞ்சான்ங்கறது? ஃப்யூஸ் போனா தடிக்கம்பியைச் சுத்தற ஆளுகதான் இதுக்கும் யோசனை சொல்ல வர்றாங்க. பக்கத்துத் தோட்டத்துல துளையைப் பெருசாக்கி 14 எம்.எம். மாட்டினாங்க, பலம் மூணுல ஒரு பங்குக்கு மேல கூடிப்போச்சு. போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை. கால் கோணிக்கிச்சு.

ஆனா கல் இல்லாத இடத்துலயும் கட் ஆச்சே, அதுதான் எனக்கு உறுத்துச்சு. கழட்டிப் பார்த்தா, கால் எதுல தொங்குதோ அந்த மேல் போல்ட் லூசாக் கெடக்கு. ஷியர் போல்ட் துளை ஒருபக்கமா நீளத் தேஞ்சிருக்கு. ஒவ்வொரு மண்கட்டிக்கும் கால் முன்னும் பின்னும் ஆடி ஆடியே போல்ட்டை நறுக்கியிருக்கு. போதாக்குறைக்குத் தம்பி வாங்கியாந்தது தலை வரைக்கும் மரை ஓடின முழு மரை போல்ட். வெட்டு விழற இடத்துல மரைப் பள்ளம் இருந்தா எப்படி நிக்கும்? பட்டறையில துளையை வெல்டு வெச்சு அடைச்சு, அளவா மறுபடி போட்டுக் கொடுத்தாங்க. மேல் போல்ட்டை நல்லா முடுக்கியாச்சு. இப்ப நெசமாவே கல்லுல பட்டாத்தான் ஒடியுது. ஒடியட்டும்.

இது விளையாட்டில்லை, கேளு. அந்தத் தம்பி இன்ஜினை ஓடவிட்டுட்டு, லிஃப்ட்ல தூக்கின கலப்பைக்கு அடியில தலையைக் குடுத்து உக்காந்து போல்ட் மாத்திட்டிருந்தான். லிவர்ல எவனாச்சும் கை பட்டா? ஆயில் ஹோஸ் ஒண்ணு விட்டா? போன மாசந்தான் கல்யாணம் ஆன பையன்டா. கத்தித் தீர்த்துட்டேன். இப்ப அடியில மரக்கட்டை முட்டுக் குடுத்து, இன்ஜினை நிறுத்தி, சாவி என் பைக்கு வந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடணும். சித்தப்பாவுக்கு இதுவும் கோழைத்தனமாம்.

நோம்பிக்கு வர்றப்ப கோயமுத்தூர்ல 12 எம்.எம். 8.8 போல்ட், பாதி மரை, ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா. நீளம் அளந்து அனுப்பறேன். கடைக்காரர் "இதைவிடக் கெட்டியானது இருக்கு"ன்னு வேற எதையாச்சும் நீட்டுவார், தலையாட்டிராதே. பணம் கையில தர்றேன், பழைய பாக்கியில கழிச்சுக்காதே.

இப்படிக்கு,
உன் பண்ணையக்காரன்