பங்குக் கணக்குக்கு ஏன் இத்தனை படிவம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் வெள்ளவத்தைக் கந்தோருக்குப் பங்குக் கணக்குத் திறக்க வருகிறவர்களில் பலர் ஒரே விசயத்தைத்தான் கேட்கிறீர்கள். "சட்டதிட்டம் கூடினால் சந்தை படுத்துவிடும் என்று அமெரிக்க அரசாங்கமே ஆராய்ந்து சொல்லியிருக்கிறதே. நீங்கள் ஏன் இன்னும் வங்கிக் கூற்று, காசு வந்த வழி என்று எங்களை அலைக்கழிக்கிறீர்கள்?"

நீங்கள் சொல்வது அமெரிக்கத் திறைசேரி 2017 ஒக்டோபரில் வெளியிட்ட மூலதனச் சந்தை அறிக்கை. அந்த வருடம் பெப்ரவரியில் ஜனாதிபதி டிரம்ப் இட்ட கட்டளையின் பேரில் எழுதப்பட்டது. இருபது வருடத்தில் அங்கே பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டன, கம்பனிகள் மேல் ஏற்றிய விதிகளுக்கும் அதில் பங்குண்டு என்பது அதன் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய கம்பனி சின்னதை வாங்கிவிடுவதும், சந்தைக்கு வராமலே தனியாரிடம் வேண்டிய பணம் கிடைப்பதும் கூடக் காரணங்கள்தான்.

எங்களுக்கு உறுத்தியது வேறொன்று. 2,000 டொலர் பங்கை ஒரு வருடம் வைத்திருந்தாலே கம்பனிக் கூட்டத்தில் பிரேரணை கொண்டுவரலாம் என்பது அங்கே இருந்த விதி. அந்தத் தொகை மிகக் குறைவு என்றது அறிக்கை. 2020இல் விதி மாறியது. ஒரு வருடம் மட்டும் வைத்திருப்பவருக்கு இப்போது 25,000 டொலர் பங்கு வேண்டும். கம்பனிக்குச் சுமை இறங்கியது, எங்களைப் போன்ற சில்லறைப் பங்குதாரரின் வாய் அடைபட்டது.

இங்கே இலங்கையில், பங்கை வாங்கி விற்றுத் தரும் தரகருக்காக நாங்கள் கேட்கும் கடதாசிகள் வேறு வகை. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்படி, காசு யாருடையது, எங்கிருந்து வந்தது என்று தரகர் அறிந்திருக்கவே வேண்டும். அதை விட்டுக்கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

"விதியால்தான் செலவு" என்பவர்கள் தங்கள் கொள்வனவுச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபாவுக்கு வாங்கினால் பிடிபடும் 1,120 ரூபாவில் தரகருக்கு 640, பங்குச் சந்தைக்கு 84, பங்குகளைப் பதிந்து வைத்திருக்கும் மத்திய வைப்பகத்துக்கு 24. சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் ஆணைக்குழுவுக்குப் போவது 72 ரூபா. மிச்சம் 300 அரசாங்க வரி, அதற்கும் கண்காணிப்புக்கும் சம்பந்தமில்லை. விற்கும்போதும் இதே கணக்குத்தான். கோபப்படுவதென்றால் சீட்டில் எந்தத் தொகையைப் பார்த்துக் கோபப்படுவது என்று நீங்களே முடிவெடுங்கள்.

ஒரு தவறு எங்கள் பக்கமும் உண்டு. போன கிழமை ஒரு ஐயா வங்கிக் கூற்றை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் வந்தார். முத்திரை ஊறி நீலமாகப் பரவியிருந்தது. திருப்பி அனுப்பினோம், மறுநாள் அவர் திரும்பவும் வரவேண்டியதாயிற்று. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று முன்னமே எழுதிக் கொடுத்திருந்தோமே தவிர, எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லவில்லை. அடையாள அட்டை, மூன்று மாத வங்கிக் கூற்று, முகவரிக்கு ஒரு மின்கட்டணப் பட்டியல், மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவாருங்கள். உறை இல்லாதவர்கள் வாசலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசில்லை.

இப்படிக்கு,
உங்கள் கணக்காளர் கந்தோர்
காலி வீதி, வெள்ளவத்தை