நூலகச் சுவரில் ஒரு பங்காளிப் பிரச்சினை

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு நூலகத்தை நடத்தும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். எடுத்த புத்தகத்தை எப்போதும் தாமதமாகவே திருப்பித் தரும் அதே ஆள்தான் எழுதுகிறேன்.

நூலகச் சுவரில் பென்சிலால் போட்டு வைத்திருக்கும் மனிதப் பரிணாமப் படத்தைப் பார்த்தேன். குனிந்த சிம்பன்சி, பின்னால் கொஞ்சம் நிமிர்ந்த ஒன்று, அப்புறம் கையில் கல்லோடு நியாண்டர்தால் என்ற பழங்கால மனித இனத்தான், கடைசியில் லேப்டாப் பை மாட்டிய நம்மூர் ஐடி பையன். பை நல்ல குறும்பு. ஆனால் ரேஷன் கடை மாதிரி எல்லோரையும் வரிசையில் நிறுத்தியதுதான் தப்பு.

என் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ நந்தி மலைக் குரங்கு ஏன் இன்னும் மனுஷனாகல?" என்றாள். நியாயமான கேள்வி. பெரியப்பா பையன் நமக்குத் தாத்தா ஆவானா? இருவருக்கும் தாத்தா ஒருவர், அவ்வளவுதான். சிம்பன்சி நமக்கு அப்படியொரு பங்காளி. பொதுவான மூதாதை ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அது சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. நந்தி மலைக் குரங்கு இன்னும் தூரத்துச் சொந்தம். நியாண்டர்தாலும் பங்காளிதான். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அந்த வம்சம் அற்றுப்போனது. ஆனாலும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்கிறவர்களின் மரபணுவில் 1 முதல் 2 விழுக்காடு அவர்களுடையது. பழைய எலும்புகளிலிருந்து மரபணுவைப் படித்து, மரபியலாளர் ஸ்வாந்தே பாபோவின் குழு 2010இல் இந்த இனக்கலப்பைக் காட்டியது. பங்காளி வீட்டில் சம்பந்தம் கூடாது என்பார்கள். நம் முன்னோர் காதில் வாங்கவில்லை போலும்.

முகஜாடையை நம்பினாலும் ஏமாறுவோம். முதலைக்குப் பல்லியைவிட அல்சூர் ஏரிமேல் வட்டமிடும் பருந்துதான் நெருங்கிய சொந்தம். பருந்தைப் போலவே முதலையின் இதயத்திலும் நான்கு அறைகள், பல்லிக்கு மூன்றுதான். பறவைகளே டைனோசர் கிளையில் மிஞ்சியவை. மற்ற டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டதால் இந்த உறவு நம் கண்ணில் படுவதில்லை. யானைக் கதை இன்னும் வேடிக்கை: நம் ஆசிய யானைக்கு, இன்று உயிரோடிருக்கும் ஆப்பிரிக்க யானையைவிட, உடல் முழுக்க ரோமம் அடர்ந்த, அழிந்துபோன கம்பளி மாமூத்தான் நெருக்கம். சைபீரியப் பனியில் உறைந்துகிடந்த மாமூத்துகளின் மரபணு சொன்ன கணக்கு இது.

சரி, படத்தை என்ன செய்யலாம்? டார்வின் 1837இல் தன் குறிப்பேட்டில் கிறுக்கியது கிளை பிரியும் ஒரு சின்ன மரம். நமக்கோ கிளை என்றாலே சுற்றம். வம்சத்துக்குக் கொடிவழி என்றே பெயர் வைத்திருக்கிறோம். சுவர் முழுக்க ஒரு கொடி ஓடட்டும். மாமூத்தும் நியாண்டர்தாலும் பாதியிலேயே காய்ந்து நின்ற கிளைகளில். பருந்து, முதலை, யானை, சிம்பன்சி, லேப்டாப் பையன் எல்லோரும் பச்சைத் துளிர்களில், ஒரே உயரத்தில். நம் பையனை மட்டும் உச்சியில் ஏற்றிவிடாதீர்கள்.

இன்னும் பெயின்ட் தொடவில்லையே, அழிப்பது சுலபம். ஞாயிறு காலை அழிரப்பரோடு வருகிறேன். பச்சை பெயின்ட் என் செலவு, தாமதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
எதிர் மாடி வீட்டு அண்ணன்