ஆட்டோ தெருவைத் தாண்டுமுன் செய்தி முடிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை வலுத்துவிட்டால் கடலூரில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் தெருத்தெருவாக வரும். வாசிக்கப்படும் அறிவிப்பு பெரும்பாலும் இந்த வகையில் இருக்கும்: "சாத்தனூர் அணையின் நீர்மட்டம் முழுக் கொள்ளளவை எட்டும் நிலையில் உள்ளதாலும், அணையின் பாதுகாப்பு கருதி உபரிநீர் வெளியேற்றப்படவுள்ளதாலும், தென்பெண்ணை ஆற்றின் கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்."

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வாக்கியம் நீள நீள, 'கிளம்புங்கள்' என்ற செய்தியும் தள்ளிப்போகும். ஆட்டோவோ நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. முதல் வீட்டுக்கு அணையின் நீர்மட்டம் மட்டும் கேட்கும். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த கடைசி வீட்டுக்காரர் காதில் "...படுகிறார்கள்" என்ற வால் மட்டும் விழும். தாளில் பிழையில்லாத வாக்கியம்தான். காற்றிலும் மழையிலும் அது பயன்படாது.

அதையே இப்படிச் சொல்லலாம்: "தென்பெண்ணை ஆத்துல இன்னிக்கு ராத்திரி வெள்ளம் வருது. ஆத்தங்கரையில இருக்கிறவங்க சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கிளம்பிடுங்க. மேட்டுத் தெரு பள்ளிக்கூடத்துல தங்கலாம். சாப்பாடு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரை எடுத்துக்குங்க." எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். முதலில் வெள்ளம், அடுத்து நேரம், பிறகு இடம். அணை நிரம்பிய காரணம் கடைசியில் வரட்டும், விட்டுப்போனாலும் குற்றமில்லை. தெருவுக்கு ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு முறை வாசிக்க வேண்டும். மைக்கில் பேச்சுத் தமிழ் போதும். துண்டறிக்கையில் இதே வரிசையை எழுத்துத் தமிழில் போடலாம்.

"தாழ்வான பகுதி" என்றால் தன் வீடு மேட்டில் இருப்பதாகத்தான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் சொன்னால்தான் அசைவார்கள். "2ஆம் தேதி நள்ளிரவு 12 மணி" என்பதும் இப்படித்தான். அது 1ஆம் தேதி ராத்திரியா, 2ஆம் தேதி ராத்திரியா? "திங்கட்கிழமை ராத்திரி 11 மணிக்குள்" என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

"விநாடிக்கு 50,000 கன அடி" என்பது பொறியாளருக்கு வேண்டிய கணக்கு. ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று மேல், ஏறக்குறைய இரண்டு குடம். குடக்கணக்கில் சொன்னாலும் ஆற்றங்கரை வீட்டுக்காரருக்கு அது உதவாது. தண்ணீர் எதுவரை ஏறும் என்றுதான் அவர் கேட்கிறார். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் வந்த வெள்ளம் எந்தத் திண்ணையைத் தொட்டது என்பது அந்தந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். "அந்த வெள்ளம் அளவுக்கு வரலாம்" என்ற ஒரு வரி போதும்.

மழையிலும் இதே சிக்கல். மிக கனமழை, அதி கனமழை இரண்டில் எது பெரிது என்று காதால் கேட்பவருக்குத் தெரியாது. ஒரு நாளில் 11.6 முதல் 20.4 செ.மீ. வரை பெய்தால் மிக கனமழை, அதற்கும் மேல் போனால் அதி கனமழை. அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறிவிப்பு வெளியே போகுமுன், அதை எழுதாத இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டுவது நல்லது. "புரியுதா?" என்று கேட்கக் கூடாது. மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். "இப்ப என்ன செய்வீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்க வேண்டும். பதில் தடுமாறினால் திருத்த வேண்டியது வாக்கியத்தை.

நாளிதழ்களிடமும் ஒரு வேண்டுகோள். கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் "5ஆம் எண் புயல் கூண்டு" ஏற்றி, பிறகு 6, 7 என்று மாற்றினால், அபாயம் படிப்படியாகக் கூடுவதாக மக்கள் எண்ணுகிறார்கள். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் துறைமுகத்தின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, துறைமுகத்தை ஒட்டியா என்பதே வேறுபாடு. கடும் புயலுக்கு 8, 9, 10 எண்களும் அப்படியே. 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது. இவை கப்பல்களுக்காக ஏற்பட்ட குறியீடுகள். ஆகவே கூண்டு எண்ணை அச்சிடும்போதெல்லாம் பக்கத்திலேயே, "7ஆம் எண்: புயல் இந்தத் துறைமுகத்தை ஒட்டியோ இதன் மீதோ கரை கடக்கும்" என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்