றங்குப் பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான ஊர் உறவுகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் நம்முடைய சின்னப் பள்ளிக்கூடத்தின் வரலாற்று மலர் ஒருமாதிரி அச்சேறிவிட்டது. வேலையைத் தொடங்கியபோது அதிபரின் அலுமாரியில் இருந்தவை அண்மைக்கால வரவு இடாப்புகள் மட்டும்தான். பழைய சம்பவத் திரட்டுப் புத்தகம், சேர்விடாப்பு எல்லாம் யுத்தகால இடப்பெயர்வுகளோடு போய்விட்டன. மலரில் நீங்கள் பார்க்கும் பழைய விசயம் அத்தனையும் உங்கள் வீட்டு றங்குப் பெட்டிகளிலிருந்து வந்தது.

முதல் நன்றி வயற்கரைப் பெத்தாவுக்கு (பாட்டிக்கு). 1990இலும் 2007இலும் ஊரைவிட்டு ஓடும்போது காணிப் பெர்மிட்டோடு தன் பள்ளி விடுகைப் பத்திரத்தையும் உரப்பைக்குள் சுற்றிக் கொண்டுபோனவர். ஓரமெல்லாம் பூச்சி அரித்த தாள். தலைமையாசிரியரின் ஊதா மைக் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. விலகிய காரணம் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதியிருக்கிறார்கள். "எனக்குக் கணக்கு நல்லா வரும் மனே. மறுகா ஆரு படிக்க விட்ட?" என்றார் பெத்தா. அந்தப் பத்திரத்துக்கு முழுப் பக்கம் கொடுத்தோம். அதற்காகப் பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திகளைச் சுருக்க வேண்டி வந்தது. சரி, அவர்கள் கோபிக்கமாட்டார்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்த கதையைச் சொன்ன மேசன் மாமாவுக்கும் நன்றி. அப்போது அவர் கடைசி வாங்குப் பையன். கொட்டில் சரிந்து கிடக்க, மருத மரத்தடியில்தான் வகுப்பு நடந்ததாம். மரத்தில் சாத்தி வைத்த கரும்பலகை காற்றுக்கு விழாமல் பிடித்துக்கொள்வது அவருடைய வேலை. "பிடிச்சுக்கொண்டு நிண்டதால நான் பலகையப் பாக்கவே இல்ல" என்று சிரித்தார்.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையிலிருந்து வந்து படிப்பித்த ஆசிரியர்களின் குடும்பங்கள் படங்களைத் தேடி அனுப்பியிருந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை சைக்கிளைப் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். மாரியில் காற்றடித்தால் பாதை ஓடாது. அதனால் சிலர் கிழமை முழுக்க ஊரிலேயே தங்க, சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போனது. எந்த நாள் யார் வீடு என்று ஒரு மாமி இன்றைக்கும் விரல்மடித்துச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் யார் வீடு என்பதில் அவருக்கும் அவர் தங்கச்சிக்கும் இன்னும் வழக்கு!

வழக்கு என்றதும் தொடக்க ஆண்டு ஞாபகம் வருகிறது. கோயில் மடத்தில் அண்ணாவியார் மணலில் எழுத்துப் பழக்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்கிறார் ஒரு பெரியவர். அரசாங்கம் பதிந்த நாள்தான் கணக்கு என்கிறார் இன்னொருவர். இருவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறோம். இருவரும் எங்களோடு பேசுகிறார்கள், அதுவே பெரிய விசயம்.

தட்டச்சுச் செய்த உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும், கூட்டத்துக்குக் கூட்டம் தேத்தண்ணி ஊற்றிய அம்மாமாருக்கும் தனியாக நன்றி.

வாங்கிய படங்களும் பத்திரங்களும் பெயர் எழுதிய உறைகளில் அதிபரின் காரியாலயத்தில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெத்தாவின் பத்திரத்தை மட்டும் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

இப்படிக்கு,
மலர்க் குழுவின் சார்பில்,
செயலாளர், பழைய மாணவர் சங்கம்