அந்துவான் கட்டிய ஒட்டு

ஹூஸ்டன்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாள் ஆகிறது. மூட்டுவலியோடு இந்த ஆடியிலும் ஒட்டுக்கட்டும் வேலையை நீயே முன்னின்று முடித்தாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. மழை பொய்க்காமல் பெய்ததும், கட்டியதில் பெரும்பகுதி பிடித்துவிட்டதும் நல்ல சேதி. நான் மகள் வீட்டில் நலமாக இருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேரன் என்னைவிட ஒரு பிடி உயரமாகிவிட்டான்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. உனக்கென்றே ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. அதை அவசரத்தில் எழுத மனம் வரவில்லை.

சென்ற வாரம் மகளும் மருமகனும் என்னை லூசியானாவுக்கு அழைத்துப்போனார்கள். காரில் கிழக்கு நோக்கி ஐந்து மணி நேரம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் வாஷெரி என்ற ஊர்ப்பக்கம் ஓக் ஆலி என்று ஒரு பழைய பண்ணை இருக்கிறது. படங்களில் நீயும் பார்த்திருப்பாய். இருபுறமும் பெரிய மரங்கள் கிளை கோத்து நிற்க, அந்தக் குகையின் கடைசியில் வெள்ளைத் தூண்களோடு ஒரு மாளிகை தெரியும். கரும்பு வெட்டு நடக்கும் பருவம். வழியெல்லாம் கரும்புக் காடு, கரும்பு ஏற்றிய பெரிய வண்டிகள். கண்ணாடியை இறக்கியதும் பாகு காயும் வாசனை வந்தது. சின்ன வயதில் உங்கள் மாமா ஊர் வெல்லக் கொட்டகையில் நாம் சுடுபாகு நக்கியது நினைவுக்கு வந்து, பேரனிடம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

மரங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் கேட்பாய். மாளிகையின் முன்வாசலிலிருந்து ஆற்றை நோக்கி இரண்டு வரிசை. வரிசைக்கு 14, ஆக 28. நீளம் 800 அடி. இலை ஒருசேர உதிர்ந்து மொட்டையாகாத ஓக் இது. பனிக்காலத்திலும் பச்சையாக நிற்பதால் 'லைவ் ஓக்' என்கிறார்கள். இலை சிறிது, தடிப்பானது. அடிமரம் நம் கோயில் ஆலமரத்தைப் போலப் பருத்திருக்கிறது, ஆனால் விழுது கிடையாது. கிளைகள் மேலே போகாமல் பக்கவாட்டில் ஓடி, சில இடங்களில் தரையில் முழங்கை ஊன்றி, மறுபடி எழுந்து போகின்றன. கிளைகளின் முதுகில் ஒரு சிறு பெரணி படர்ந்திருக்கிறது. வெயிலில் அது சுருண்டு செத்ததுபோல் பழுப்பாகிவிடும், ஒரு மழை பெய்தால் போதும், பச்சை பிடித்துவிடும். உயிர்த்தெழும் பெரணி என்றே அதற்குப் பெயர். முந்தின இரவு மழை பெய்திருந்ததால் 28 மரங்களும் பச்சைச் சால்வை போர்த்தியது போல நின்றன.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் குடியேறி நட்டவை என்று சொல்கிறார்கள். நட்டவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மாளிகை அதற்கு நூறாண்டு பிந்தியது. ஜாக் தெலஸ்போர் ரோமான் என்ற கரும்புப் பண்ணைக்காரர் 1837இல் தொடங்கி 1839இல் முடித்தார். அவர் அண்ணன் லூசியானாவின் ஆளுநராகவே இருந்தவர். மரங்களின் கணக்குக்குச் சரியாக மாளிகையைச் சுற்றி 28 தூண்கள். உள்ளே செங்கல், மேலே பூச்சு. அந்தச் செங்கல்லை அறுத்ததும் சுவர் எழுப்பியதும் அடிமைகள்.

ஆற்றங்கரைச் சாலையைத் தாண்டி வெள்ளத்தடுப்புக் கரைமேல் ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன். அழகுதான், முருகேசா. அதை மறைத்து எழுதினால் பொய்யாகும். நாம் பள்ளிக்கூடம் போன புளியமரச் சாலையை நினைத்துக்கொண்டேன். நான்குவழிச் சாலைக்காக அவற்றை வெட்டிய நாளில் நீ அங்கே போய் நின்றதையும், அன்று இரவு நீ சாப்பிடவில்லை என்று உன் வீட்டில் சொன்னதையும் நினைத்துக்கொண்டேன். ஒரு மரவரிசை முந்நூறு ஆண்டு கோடாலி படாமல் நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளத்தான் செய்கிறது.

ஆனால் உனக்கு எழுத நினைத்தது அந்த 28 மரங்களைப் பற்றி அல்ல.

மாளிகைக்குப் பின்பக்கம் போனால் ஒரு பாதையின் இருமருங்கிலும் மரக் குடிசைகள். அடிமைகள் இருந்த வீடுகள் எப்போதோ அழிந்துபோயின. அதே மாதிரியில் புதிதாகக் கட்டி 2013இல் திறந்திருக்கிறார்கள். உள்ளே கட்டில், மண்வெட்டி, சமையல் பாத்திரம், கால் விலங்கு. ஒரு சுவர் முழுக்கப் பெயர்கள். அந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள், 200க்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். தகப்பன் பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை. சொத்துப் பட்டியலிலும் விற்பனைப் பத்திரத்திலும் எழுதி வைத்ததிலிருந்து பொறுக்கியெடுத்த பெயர்கள். பேரன் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். நான் அவனை நிறுத்தவில்லை.

அங்கேதான் அந்துவானைச் சந்தித்தேன். அவர் தோட்டக்காரர், அடிமை. உன் தொழில்காரர்.

பெக்கான் என்று ஒரு கொட்டை. நம் அக்ரூட்டுக்குப் பங்காளி. இந்த நாட்டுக் காடுகளிலேயே விளைவது. நீ மல்கோவாவைப் பற்றிச் சொல்வதுதான் அதற்கும் பொருந்தும்: கொட்டையை நட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. ஒரு மரத்தின் காய் சிறுத்து ஓடு கல்லாக இருக்கும், பக்கத்து மரத்தில் கையால் நசுக்கினாலே உடையும். அந்த நல்ல மரத்தை எப்படிப் பெருக்குவது என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் கைவரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் அனிதா என்ற பண்ணையில் அப்படி ஒரு மரம் நின்றது. காய் பெரிது, ஓடு மெல்லிசு. கொலோம் என்ற மருத்துவர் ஒருவர் அதில் குச்சி எடுத்து வேறு மரத்தில் பொருத்தி ஒட்டுக்கட்டிப் பார்த்தார், பிடிக்கவில்லை. குச்சிகளை ரோமானிடம் கொடுத்தார். ரோமான் அந்துவானிடம் கொடுத்தார். 1846–47 பனிக்காலத்தில் அந்துவான் கட்டினார். 16 மரம் பிடித்தது.

பதினாறு! உன்னிடம் இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. பிறகு மேய்ச்சல் நிலத்தில் இன்னும் 110 மரம். உள்நாட்டுப் போர் முடியும்போது அந்துவான் கைப்பட்ட பெக்கான் மரங்கள் 126 நின்றன. ஒட்டுக்கட்டிய பெக்கான் தோப்பு என்பதே உலகத்தில் அங்கேதான் தொடங்குகிறது. இன்று கடையில் விற்கும் உயர்ரகப் பெக்கான் எல்லாம் ஒட்டு மரத்துக் காய்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் அந்த வித்தை அதற்குள் இருக்கிறது.

ரோமான் 1848இல் காசநோயில் இறந்தார். சொத்துக்குக் கணக்கு எடுத்தார்கள். மாடு, கலப்பை, கொப்பரையோடு மனிதர்களும் வரிசையில் வருகிறார்கள். அந்துவான், வயது 38, தோட்டக்காரர், பெக்கான் ஒட்டுக்கட்டுவதில் தேர்ந்தவர், மதிப்பு 1,000 டாலர். அந்த வரியின்முன் வெகுநேரம் நின்றேன். 'தேர்ந்தவர்' என்று எழுதியது மரியாதைக்காக அன்று, விலைக்காக. கை எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவுக்குத் தலையின் விலை ஏறும். உன் விரலில் ஒட்டுக்கத்தி வெட்டிய தழும்பை நினைத்துக்கொண்டேன். அவர் விரலிலும் இருந்திருக்கும்.

1876இல், இந்த நாடு விடுதலை பெற்ற நூறாம் ஆண்டு என்று பிலடெல்பியாவில் பெரிய கண்காட்சி நடத்தினார்கள். அப்போது பண்ணைக்கு உரிமையாளராக இருந்தவர் இந்தக் காய்களைக் கொண்டுபோய் வைத்துப் பரிசு வாங்கினார். அந்த ரகத்துக்குச் 'சென்டினியல்', அதாவது நூற்றாண்டு என்று பெயர் வைத்தார்கள். நாட்டின் விடுதலை நூற்றாண்டு! 1863 ஜனவரி முதல் நாள் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தில்கூட இந்தப் பண்ணை இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் பகுதி விலக்கி வைக்கப்பட்டிருந்தது. வட மாநிலங்களின் படை ஏற்கெனவே பிடித்திருந்த இடம் என்பதால் அந்த ஆணை இங்கே செல்லாது. அடுத்த ஆண்டு மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம் வந்துதான் இங்கே அடிமைமுறை ஒழிந்தது. அந்த ரகத்துக்கு அந்துவானின் பெயரை வைத்திருக்க வேண்டும் என்று மகளிடம் கொஞ்சம் உரத்தே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த 126 மரங்கள் என்னவாயின என்று கேட்பாய். மேய்ச்சல் நிலத்தில் நின்றவற்றைக் கரும்பு போடுவதற்காக வெட்டிவிட்டார்கள். அனிதாவின் தாய்மரத்தை 1890இல் ஆற்றங்கரை உடைந்து வெள்ளம் கொண்டுபோயிற்று. ஓக் நிற்கிறது, பெக்கான் இல்லை. உலகமே 28 மரங்களைப் பார்க்க வருகிறது. நான் இல்லாத மரங்களைத் தேடிக்கொண்டு அந்தக் காலி நிலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

திரும்பும் வழியில் பக்கத்திலேயே விட்னி என்ற இன்னொரு பண்ணையையும் பார்த்தோம். அது முழுக்க அடிமைகளின் கதையைச் சொல்வதற்கென்றே 2014இல் திறந்தது. அங்கே கரும்புச்சாறு காய்ச்சிய இரும்புக் கொப்பரைகள் இருக்கின்றன, நம் ஊர்க் கொப்பரையேதான். உறைபனி விழுவதற்குள் கரும்பை வெட்டி ஆட்டிவிட வேண்டும் என்பதால் அந்த மூன்று மாதம் இரவும் பகலும் அடுப்பு அணையாதாம். தூக்கக் கலக்கத்தில் பாகில் கை பட்டவர்கள், ஆலையில் கை போனவர்கள் எத்தனையோ பேர். அதன் பிறகு காரில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஓக் மரங்களின் அடியில் ஒரு ஜோடி திருமணப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இளம் வயதுப் பிள்ளைகள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் பேத்தி அந்த இடத்தில் மாலை மாற்ற விரும்பினால் நான் வேண்டாம் என்பேன். மருமகனுக்கு இதில் வேறு கருத்து. இடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டாமா என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இருந்தாலும் என் மனம் இறங்கவில்லை.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். உனக்கு ஓடு நீக்கிய பெக்கான் ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். தங்கச்சியிடம் சொல், இங்கே வெல்லப்பாகில் போட்டு மிட்டாய் செய்கிறார்கள், நம் கடலை மிட்டாய் பக்குவமே சரிவரும்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நீ ஒட்டைப் பாலித்தீன் பட்டையால் இறுக்கி, ஈரம் போகாமல் மேலே பை மாட்டுகிறாய். 1846இல் அது ஏது? அந்துவான் எதைக் கொண்டு கட்டியிருப்பார்? உன் தாத்தா வாழைநாரால் கட்டிச் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசுவார் என்று நீ சொன்ன ஞாபகம். பனிக்காலத்தில், இலையில்லாத மரத்தில், அது தாங்குமா? யோசித்து எழுது.

உன் அன்பு நண்பன்,
கோபாலன்