அம்மா பேரில் கொடுக்கும் காசு

பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. படி ஏறுவதில் மட்டும் வீராப்புக் காட்டாதே. பேத்திக்குப் பல் முளைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். வீட்டுக்காரிக்கு இனிப்புநீர் கட்டுக்குள் இருக்கிறது. பின்னேரமானால் மழை கொட்டுகிறது, துணி காய்வதில்லை, மற்றபடி குறையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா பேரில் ஏதாவது செய்ய இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கோயில் திருப்பணிக்குக் கொடுத்தால் கும்பாபிஷேகத்தன்று சலவைக்கல்லில் அம்மா பெயர் ஏறும் என்று தம்பி சொல்கிறார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பசியாறலுக்குக் கொடுக்கலாமே என்று உனக்குத் தோன்றுகிறது. இதில் எதில் புண்ணியம் அதிகம் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் மற்றது தானாகத் தெளிந்துவிடும் என்று நினைக்கிறேன். ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆபுத்திரன் கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தரம் சொல்கிறேன், ஏனென்றால் மணிமேகலையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவன்தான். மதுரையில் வீடு வீடாகப் பிச்சை எடுப்பான். எடுத்ததைக் குருடர், செவிடர், முடவர், நாதியற்றவர் எல்லோரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தான் தின்று, பிச்சை ஓட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குவான். ஒரு மழை ராத்திரியில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் தவித்தபோது சிந்தாதேவி வந்து அமுதசுரபியைக் கொடுக்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அவன் செய்த அறத்தால் இந்திரனுடைய ஆசனமே ஆடிப்போகிறது. இந்திரன் கிழவன் வேடத்தில் கோல் ஊன்றி வந்து, உன் தானத்துக்கு உண்டான பயனைத் தருகிறேன், வாங்கிக்கொள் என்கிறான்.

ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். உங்கள் ஊரில் அறம் செய்பவர் உண்டா, துன்பப்படுபவரைக் காப்பவர் உண்டா, தவம் செய்பவர்தான் உண்டா என்று கேட்கிறான். பசியோடு வந்தவர் பசி தீர்ந்து அவர்களுடைய ‘திருந்து முகம் காட்டும்’ பாத்திரம் என்னிடம் இருக்கிறது, உன்னிடம் எனக்கு என்ன வேண்டும் என்கிறான். பசி தணிந்த முகத்தைப் பார்த்ததே கூலி, அது அப்போதே கைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் சொர்க்கத்தைக் கொண்டுவந்து நீட்டினால் சிரிப்புத்தான் வரும்.

இந்திரனுக்குக் கோபம். பாண்டி நாட்டில் மழையைக் கொட்டி ஊரையே செழிப்பாக்கிவிடுகிறான். பசித்தவரே இல்லை. ஆபுத்திரன் பாத்திரத்தோடு தெருத்தெருவாக அலைந்து, பசித்தவர் உண்டா என்று கேட்டால் ஊர் ஏளனம் செய்கிறது. சாவகத்தில் மழை இல்லாமல் உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னதும் உடனே கப்பல் ஏறிவிடுகிறான். சாவகம் என்பது நம் பக்கத்துக் கடல், ஜாவா என்கிறார்கள் அறிஞர்கள். முன்பின் தெரியாத சனங்களுக்குச் சோறு போட ஒருவன் கடல் கடந்து இந்தப் பக்கம் வரத் துணிந்த கதையை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. எத்தனையோ பேர் பசியைத் தீர்த்த பாத்திரத்தை வைத்துத் தன் ஒருவன் வயிற்றை நிரப்பிக்கொள்ள மாட்டேன் என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் உயிரை விடுகிறான். மறுபிறப்பில் அதே சாவகத்தில்தான் பிறக்கிறான்.

கடைசியில் அவன் செய்தது சரியா என்று நாம் படிக்கிற காலத்தில் சண்டை போட்டிருக்கிறோம். சாப்பிட்டு உயிரோடு இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பான் என்று நீ வாதாடினாய். இன்றைக்கும் நீ சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் இந்திரன் முன்னால் அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அதே காப்பியத்தில் இன்னும் கறாராக ஒரு இடம் வருகிறது. திருப்பிச் செய்யக்கூடியவருக்குக் கொடுப்பவர் அறத்தை விலைபேசுகிறவர், இல்லாதவருடைய கொடும் பசியைத் தீர்ப்பவர் பக்கம்தான் உலகத்தின் மெய்யான வாழ்க்கை இருக்கிறது என்று. புறநானூற்றில் ஆய் வள்ளலைப் பாடிய முடமோசியாரும் இந்தப் பிறவியில் செய்தது அடுத்த பிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போடும் ‘அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’ என்கிறார். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மேலுலகம் என்று ஒன்று இல்லை என்றாலும் ஈதலே நன்று, குறள் 222. ஒருவர் பௌத்தக் காப்பியம் எழுதியவர், ஒருவர் வள்ளலைப் பாடிய புலவர், ஒருவரை எல்லாச் சமயத்தாரும் தம்மவர் என்கிறார்கள். மூவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கீதையின் பதினேழாம் அத்தியாயத்திலும் கொடுக்க வேண்டியது என்பதற்காக, திருப்பிச் செய்ய முடியாதவருக்குக் கொடுப்பதுதான் சாத்விகம், பலனை எதிர்பார்த்து மனசு கசந்து கொடுப்பது ராஜசம் என்று வருகிறது. நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே தீர்த்து வைத்த வழக்கு இது. அதை ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் புதிதாகத் திறந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நீ கேட்டதில் இன்னொன்றும் இருக்கிறது. ‘அம்மா பேரில்.’ அதைப் புண்ணியக் கணக்கு என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் இங்கே பசித்த ஆவிகளுக்குத் தெருவோரம் சாப்பாடு படைப்பார்களே, அதற்குப் பின்னால் ஒரு மகனின் கதை இருக்கிறது. புத்தரின் சீடர் மொக்கல்லானர், சீனர்கள் மூலியன் என்பார்கள். செத்துப்போன தாயைத் தேடிப் பார்க்கிறார். அவள் பசித்த ஆவியாக எலும்பும் தோலுமாக இருக்கிறாள். ஓடிப்போய்ச் சோறு கொடுக்கிறார். வாய்க்குப் போகுமுன் அது நெருப்புத் தணலாகிவிடுகிறது. அழுதுகொண்டே புத்தரிடம் போகிறார். நீ ஒருவன் கொடுத்து அவளுக்கு எட்டாது, ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் பிக்குகளின் சங்கத்தாருக்கு உணவு படை, அதனால் அவள் கரையேறுவாள் என்கிறார் புத்தர். நான் இதை எப்படிப் படிக்கிறேன் தெரியுமா? அம்மாவுக்கு நேரே கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது. இனி அவளுக்கு ஊட்ட வேண்டுமானால் வேறொருவர் வாய் வழியாகத்தான் ஊட்ட முடியும். இங்கே ஏழாம் மாதக் கமிட்டிகள் மேடை போட்டு ஏலம் விட்டுச் சீனப் பள்ளிகளுக்கு நிதி திரட்டுவது நெடுநாள் வழக்கம். ஆவிக்குப் படைத்த கையோடு பிள்ளைகளின் படிப்புக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்றே வைத்துக்கொள்.

கல்லில் பெயர் வெட்டுவது பற்றித் தம்பி சொன்னதையும் யோசித்தேன். பார்த்து நாலு பேர் கொடுப்பார்கள் என்பது பொய்யில்லை. பழைய கல்வெட்டுகளும் கொடுத்தவர் பெயரைச் சொல்லத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றைப் படித்துப் பார். கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு ‘சாவா மூவாப் பேராடு’ 96, அதாவது எண்ணிக்கை குறையாமல் பேண வேண்டிய ஆடுகள், என்று எழுதி, அந்த ஆடுகளை யார் பொறுப்பில் விட்டது, அவர் நாள்தோறும் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்றும் வெட்டியிருப்பார்கள். விளக்கு அணையாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டுப் பத்திரம் அது. சலவைக்கல்லில் வெறும் பெயரும் தொகையும் இருக்கிறது. அந்தக் காசை வைத்து நாளைக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

சாசனம் வெட்டிவிட்டால் மனசு மாறாது என்றும் இல்லை. கடாரத்து (இன்றைய கெடா) அரசர்கள் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் 1006 வாக்கில் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். சைவ அரசன், பௌத்தப் பள்ளிக்கு ஒரு ஊரையே கொடுத்தான் என்றால் எவ்வளவு பெரிய மனசு. அதைச் செப்பேட்டில் ஏற்றியது அவன் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025-இல் கப்பல் அனுப்பிக் கடாரத்தை அடித்தான். வானம் தெளிந்த நாளில் இங்கே வடக்குக் கடற்கரையில் நின்றால் கெடாவின் ஜெராய் மலை தெரியும். பார்க்கும்போதெல்லாம் இந்த அப்பனையும் மகனையும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது பள்ளிக்கூடம். நான் வாத்தியாராக இருந்தபோது ஒரு பையன் இருந்தான், பெயர் வேண்டாம். ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போகமாட்டான். கேட்டால் ‘பசிக்கலை சார்’ என்பான். இலவச உணவுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை, சேர்க்கிறேன் என்றாலும் மற்ற பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று கூச்சம். கேண்டீன்கார அக்கா ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, ‘மீ மிஞ்சிப்போச்சுடா, கொட்டத்தான் போறேன், நீ தின்னுட்டுப் போ’ என்றார். ரோஸ் நிறப் பிளாஸ்டிக் தட்டு. மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸுக்கு அடியில் ஒரு முழு முட்டையை மறைத்து வைத்திருந்தார். பையன் கரண்டியால் கிளறியபோது மஞ்சள் தெரிந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தினமும் ஏதோ ஒன்று ‘மிஞ்சிப்போனது’.

இல்லை என்ற சொல்லை ஒருவன் வாயால் சொல்ல வைக்காமலே கொடுப்பது நல்ல குடியில் பிறந்தவன் குணம் என்று குறள் 223-க்கு ஒரு பொருள் சொல்வார்கள். அந்த அக்கா குறள் படித்தாரோ என்னவோ. ஈ என்று கேட்பது இழிவு, கொள் என்று கொடுப்பது உயர்வு, கொள்ளேன் என்பது அதைவிட உயர்வு என்று புறநானூறு சொல்கிறது. பசிக்கலை சார் என்ற அந்தப் பையன் ‘கொள்ளேன்’ என்ற இடத்தில் நின்றவன். அவனுடைய அந்த நிமிர்வை உடைக்காமல் வயிற்றை மட்டும் நிரப்பினார் பார், அதுதான் கொடை. பசியாறலுக்குக் காசு கொடுப்பதானால் இதை மட்டும் மறக்காதே. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்க விடாதே. அம்மா படத்தைக் கேண்டீனில் மாட்டாதே. அம்மா இருந்திருந்தால் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். நாம் சின்னப் பிள்ளைகளாக அவர் வீட்டுக்குப் போனால் சாப்பிட்டியா என்று கேட்கவே மாட்டார், தட்டைத்தான் வைப்பார்.

‘நம்ம பிள்ளைகளுக்கே இல்லாதபோது ஊரானுக்கு எதற்கு’ என்று அங்கே சிலர் பேசுவதாக எழுதியிருந்தாய். சீனத்தில் இதற்காகவே இரண்டு கட்சி இருந்தது. மோசி என்ற சீன ஞானி எல்லோரையும் ஒரே மாதிரி நேசி என்றார். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மென்சியஸ் என்ற இன்னொரு ஞானி அதை மறுத்தார். உன் வீட்டுப் பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்து, பிறகு அதையே அடுத்தவர் வீட்டுப் பெரியவர்கள் வரை நீட்டு என்றார். நான் மென்சியஸ் பக்கம். கையில் உள்ளவனுக்கு ஊட்டத் தெரியாதவன் உலகத்துக்கு ஊட்டப்போவதில்லை. ஆனால் அவர் ‘நீட்டு’ என்றும் சேர்த்துத்தான் சொன்னார், நம் ஆட்கள் அந்த இடத்தில் காதை மூடிக்கொள்கிறார்கள். கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் எவனுக்கும் நெஞ்சு பதறும், பெற்றவர்களிடம் நல்ல பேர் வாங்கவோ ஊர் மெச்சவோ அல்ல என்று எழுதியவரும் அவரேதான். அந்தக் குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. அதனால் பள்ளியில் கொடுக்கும்போது பின்வாசலில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளியின் பிள்ளை வந்து நின்றால், அந்தத் தட்டும் அம்மா கணக்கில்தான் சேரும்.

ஆகவே என் யோசனை இது. முழுத்தொகையையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதே. பழைய கல்வெட்டுக்காரர்கள் மாதிரி, மாதாமாதம் எவ்வளவு, யார் பொறுப்பு, ஆண்டு முடிவில் யார் கணக்குப் பார்ப்பது என்று தலைமையாசிரியரோடு உட்கார்ந்து எழுதிக்கொள். கோயிலை விட்டுவிட மனசு ஒப்பவில்லை என்றால் அன்னதானத்துக்கு அரிசி வாங்கிப் போடு, ரசீதில் ‘பக்தர்’ என்று எழுதச் சொல். தம்பி வருத்தப்பட்டால் என்னோடு பேசச் சொல்.

முட்டி முழுசாகச் சரியானதும் இரண்டு பேருமாகக் கிளம்பி வாருங்கள். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரியில் வந்துவிடலாம், பஸ் வேண்டாம், கால் மடக்கி உட்கார வேண்டியிருக்கும். தேதியை முன்கூட்டியே எழுது, ஜெட்டிக்கு நான் வண்டியோடு வருகிறேன். மணிமேகலைச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்